ருசி பார்க்காத அண்ணன்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். எந்த வருஷம் என்று கேட்டால் முழிப்பேன், பாதி மறந்துவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது கடைசியில் வரும். அதுவரை பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, தைலமரங்களுக்கு நடுவில் ஒரு பங்களா இருந்தது. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். நான் பாலசமுத்திரத்தில் கல்யாணம் முடிந்து, எங்க வீட்டுக்காரர் பின்னால் மலையேறி வந்த புதிது. அவருக்கு அங்கே தோட்ட வேலை. எனக்குக் கூட்டிப் பெருக்கிப் பாத்திரம் கழுவுகிற சோலி. சமையலுக்கு இருந்தவர்தான் அண்ணன்.

அவர் பேர் எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. நான் அவரை 'அண்ணே' என்றேன். அதனால் எங்க வீட்டுக்காரருக்கு அவர் மச்சான் ஆகிவிட்டார். என்னை அவர் 'தாயி' என்பார். அவ்வளவுதான் உறவு. அதற்கு மேல் ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது.

அண்ணன் சமைக்கும்போது ருசி பார்க்கவே மாட்டார். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்போமே, அதெல்லாம் அவரிடம் கிடையாது. அடுப்பு பற்ற வைத்ததும் ஒரு வெள்ளைத் துணியை வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். மூக்கை மட்டும் மறைக்க மாட்டார்.

"மூக்கையும் கட்டிட்டா அப்புறம் குருட்டுச் சமையல்தான் தாயி" என்பார்.

அவருடைய அப்பா பழனி அடிவாரத்தில் ஒரு மடத்தில் சமையல் செய்தவர். சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் அங்கே பக்தர்களுக்குப் போடுவார்கள். படைக்கும் முன்னால் சமைக்கிறவன் வாயில் வைத்துவிட்டால் அது எச்சில். சின்ன வயதில் அண்ணன் ஒரு தடவை சர்க்கரைப் பொங்கலில் இருந்து ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுவிட்டாராம். அப்பா அந்த அண்டாப் பொங்கல் முழுவதையும் மாட்டுக்கு வைத்துவிட்டு, மறுபடி அடுப்பு மூட்டினாராம். அடிக்கவில்லை, திட்டவில்லை. "அடிச்சிருந்தா மறந்துபோயிருக்கும்" என்று அண்ணன் சொல்வார்.

எங்க வீட்டுக்காரருக்கு இது பெரிய கேலி.

"சாமிக்குச் சரி மச்சான். இந்த வெள்ளக்காரம்மா என்ன முருகனா? இவுகளுக்குப் பொரிக்கிற முட்டைக்கும் வாயைக் கட்டணுமா?"

"ஏலே மாப்ளே, சாப்பிட உக்காந்திருக்கவுக யாரோ அவுகதான் அந்நேரத்துக்குச் சாமி. நீ உக்காந்தாலும் அப்படித்தான். உனக்கும் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் பொங்குறேன்."

"அப்ப எனக்கு ஒரு சூடத்தைக் கொளுத்திக் காட்டுங்க."

"குளிச்சுட்டு வா, காட்டுறேன்."

எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார். அதற்கு முன்னால் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். ஒருநாள் குழம்பில் உப்பு கரித்தது. எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கு மச்சான் என்றார். தபால்காரர் அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டார். அவரும் நல்லா இருக்கு என்றார். என்னைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "உப்புக் கொஞ்சம் கூட இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன். எங்க வீட்டுக்காரர் என்னை முறைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் எழுந்து வந்து என் முன்னால் கை கூப்பினார். "ருசி பார்க்காதவன் நான். உங்க நாக்குத்தான் எனக்கு நாக்கு. நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னா நான் எங்க போய்த் தெரிஞ்சுக்கிறது? இனிமே உன்னைத்தான் கேப்பேன் தாயி."

அதிலிருந்து என்னைத்தான் கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன். வேறு யாரிடமும் பேச வராத எனக்கு, அவரிடம் சொல்ல மட்டும் வந்தது.

பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மாவை நாங்கள் டீச்சரம்மா என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சீனாவில் பல வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். அங்கே ஆட்சி மாறியதும் இருக்க விடவில்லை என்று கொடைக்கானலுக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். தமிழை வேதப்புத்தகத்தில் இருந்து படித்திருப்பார் போல. "நீர் வாரும், நீர் இதை எடுத்துக்கொள்ளும்" என்றுதான் பேசுவார். நாய்க்குட்டியையும் நீர் என்பார்.

அவர் சீனாவில் இருந்து கொண்டுவந்த சாமான்கள் கொஞ்சம்தான். அதில் ஒரு மரப்பெட்டி. உள்ளே தகரம் அடித்து, அதற்குள் தேயிலை. ஊலாங் என்று அதற்குப் பேர் சொன்னதாக ஞாபகம். நாம் வாங்குகிற டீத்தூள் முழுக்கக் கறுத்தது. இந்த இலையை முழுக்கக் கறுக்கவும் விடாமல், பச்சையாகவும் விடாமல், பாதியில் நிறுத்தி, அப்புறம் கரி நெருப்பில் நாள்கணக்கில் வாட்டி எடுப்பார்களாம். பாறை இடுக்கில் நிற்கிற செடியாம். வருஷத்துக்குக் கொஞ்சம்தான் கிடைக்குமாம். அவரிடம் படித்த பெண் ஒருத்தியின் வீட்டார் பிரியும்போது கொடுத்தது. இனி அந்த ஊருக்குப் போக வழியில்லை. பெட்டியில் இருந்ததுதான் மொத்தமும்.

பார்த்தால் முறுக்கிப் போட்ட கறுப்பு நூல் மாதிரி இருக்கும். கெட்டில் என்று அவர் சொன்னது ஒரு மண் ஜாடி, என் கைப்பிடிக்குள் அடங்கும். கோப்பைகள் சொப்புச் சாமான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உடனே வடிப்பார். அதே இலையில் மறுபடி ஊற்றுவார், மறுபடி. குடித்து முடித்ததும் காலிக் கோப்பையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கொஞ்ச நேரம் அவர் இந்த ஊரிலேயே இருக்க மாட்டார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

"பால் இல்லை, சீனி இல்லை. குருவிக்கு வைக்கிற தண்ணி" என்பார் எங்க வீட்டுக்காரர்.

நான் கழுவும்போது ஜாடிக்குள் பார்ப்பேன். முறுக்கிக் கிடந்த நூலெல்லாம் முழு இலையாக விரிந்திருக்கும். நடுவில் பாசி நிறம், ஓரத்தில் மட்டும் வெற்றிலை போட்ட உதடு மாதிரி சிவப்பு. கொட்ட மனசு வராது. ரோஜாச் செடிக்குப் போடுவேன்.

கொடைக்கானல் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பு தண்ணீராகிவிடும். தீக்குச்சி பற்றாது. துவைத்த சேலை நாலு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரம் தகரப் பெட்டிக்குள்ளும் போய்விட்டது. ஐப்பசி கார்த்திகை மழை விட்டதும் டீச்சரம்மா பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, முகம் சுருங்கி, அண்ணனைக் கூப்பிட்டார். மறுபடி நெருப்புக் காட்ட வேண்டும் என்றார். இடுப்பு சிறுத்த ஒரு கூடை வேண்டும் என்று குச்சியால் தரையில் வரைந்து காட்டினார்.

"உடுக்கை மாதிரியாம்மா?" என்றார் அண்ணன்.

டீச்சரம்மாவுக்கு உடுக்கை தெரியாது. அண்ணன் கையை ஆட்டி அடித்துக் காட்டினார். ஆமாம், அதுதான் என்று அவர் கைதட்டினார். கீழ்மலையில் இருந்து தேன் கொண்டுவருகிறவர் மூங்கிலில் அப்படி ஒன்றைப் பின்னிக் கொடுத்தார்.

குமுட்டி அடுப்பில் கரியை மூட்டி, புகை முழுக்கப் போன பிறகு மேலே சாம்பலைத் தூவி மூட வேண்டும். கங்கு கண்ணில் தெரியக் கூடாது. "விபூதி பூசுன மாதிரி" என்பார் அண்ணன். அதன்மேல் இரண்டு பக்கமும் திறந்த அந்தக் கூடையை நிறுத்தி, உள்ளே கூடையின் இடுப்பில் ஒரு தட்டு வைத்து, அதில் இலையைப் பரப்புவார். புறங்கையைக் கூடையின் பக்கத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். வெள்ளனே ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகும். இடையிடையே இலையைப் புரட்டி விடுவார். வேறு வேலை எதுவும் செய்ய மாட்டார்; பேச்சும் குறைந்துவிடும்.

டீச்சரம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வப்போது ரெண்டு இலையை எடுத்துக் கோப்பையில் போட்டு ருசி பார்ப்பார். "இன்னும்" என்பார். கொஞ்சம் கழித்து "இன்னும்" என்பார். பிறகு ஒரு தடவை, "போதும்" என்பார். அந்தச் சொல் விழுந்ததும் அண்ணன் வெரசா கூடையைத் தூக்கிவிடுவார். ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டார்.

முதல் வருஷம் போதும் என்று சொன்ன உடனே, டீச்சரம்மா புது இலையில் தேநீர் வடித்தார். முதல் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"நீர் முதலில் குடியும். நீர் உழைத்தீர்."

அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். வேண்டாம்மா என்றார். அவர் மறுபடி நீட்டினார். அண்ணன் தலையை ஆட்டினார். டீச்சரம்மா "உமக்குப் பால் வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே தானே குடித்துவிட்டார். இவருக்கு இது பிடிக்காது என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுப்படியில் நான் கேட்டேன். "ஆசையா நீட்டுனாக, ஏண்ணே வாங்கலை?"

"அவுக குடிச்சுட்டு மிச்சத்தைக் குடுத்திருந்தா வாங்கி இருப்பேன் தாயி. படைக்கிறதுக்கு முன்னாடி நீட்டுனா எப்படி வாங்குறது?"

"அதைச் சொல்ல வேண்டியதுதான?"

"கேட்டு வாங்குறதா? குடுக்கையில வாங்கணும். குடுப்பாக."

வருஷா வருஷம் அவர் இலை வாட்டும் நாளில் பின்பக்கம் தன்னுடைய பித்தளை டம்ளரைப் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்திருப்பார். டீச்சரம்மா கடைசித் துளி வரை ஊற்றிக் குடிப்பார். அந்த இலையை வீணாக்க அவருக்கு மனசு வராது. அண்ணன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் எங்களோடு வெல்லம் போட்ட டீ குடிப்பார். குறை ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருவர் தருவதற்குக் காத்திருந்தார், ஒருவர் வேண்டாம் போல என்று தராமல் இருந்தார். இரண்டு பேரும் நல்லவர்கள்.

அப்புறம் டீச்சரம்மாவின் அக்காளுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. சொந்த ஊருக்குப் புறப்பட்டார். ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் ரெண்டு, வந்துவிடுவேன் என்றார். வீட்டுச் சாவியை அண்ணனிடம் கொடுத்தார்.

"மழைக்குப் பிறகு பெட்டியை முகரும். ஈரம் இருந்தால் நெருப்புக் காட்டும். நான் வந்து குடிப்பேன்."

"நீங்க வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கும்மா" என்றார் அண்ணன்.

இந்த ஒரு வாக்கில்தான் அவருடைய மிச்ச நாளெல்லாம் போனது.

முதல் வருஷம் டீச்சரம்மா வரவில்லை. ரெண்டாவது வருஷமும் இல்லை. அடுத்த சீசனுக்கு, அடுத்த சீசனுக்கு என்று தகவல் மட்டும் வரும். நானும் எங்க வீட்டுக்காரரும் வீட்டைத் துடைத்து, ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தோம். அண்ணன் பொங்கிப் போட எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. அந்தத் தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அதனால் அண்ணன் அடுப்படியில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். கருவாடு, பூண்டு, பெருங்காயம் எல்லாம் வெளியே கொட்டகையில்தான். பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டு சாப்பிடுவோம்.

"டீயிலைக்குப் பங்களா, நமக்கு வாசலா?" என்பார் எங்க வீட்டுக்காரர், பல் தந்தியடிக்க.

"பேசாமத் தின்னு மாப்ளே. அது நம்மளை நம்பி விட்டுட்டுப் போன பொருளு."

ஏரிப் பக்கத்து ஓட்டல்காரர் ஒருவர் வந்து அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டார். அண்ணனின் கைப்பக்குவம் ஊரில் தெரிந்ததுதான். பெட்டியை விட்டு வர முடியாது என்று அண்ணன் சொன்னதும், அதையும் தூக்கிக்கொண்டு வாங்க என்றார்.

"உங்க அடுப்படியில மீன் பொரிப்பீகளே?" என்று கேட்டார் அண்ணன்.

"ஓட்டல்னா பொரிக்காமலா?"

"அப்ப சரிப்படாதுங்க."

அந்த ஓட்டல்காரர் படியிறங்கும்போது எங்க வீட்டுக்காரரிடம், "இவருக்குக் கொஞ்சம் இது கழண்டிருச்சா?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். "நீங்க வேற, அவரு எங்க மச்சான்" என்று எங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அண்ணனைக் கேலி செய்யலாம். வேறு ஆள் செய்யக் கூடாது.

மழை விட்டதும் அண்ணன் பெட்டியைத் திறந்து என்னைக் கூப்பிடுவார். "ஈரமா இருக்கா பாரு தாயி." கொடைக்கானலில் ஈரம் இல்லாத வருஷம் ஏது? அதனால் வருஷம் தவறாமல் நெருப்புக் காட்டினார். தைப்பூசத்துக்கு முன்னால் முடித்துவிடுவார். அது முடிந்தால்தான் காட்டுப்பாதையில் இறங்கிப் பழனிக்குப் போவார்.

சாம்பலைத் தூவுவது, புறங்கை வைப்பது, புரட்டுவது எல்லாம் அதே மாதிரிதான். வாயில் துணியும் உண்டு. முக்காலியை மட்டும் காலியாகப் போட்டு வைத்திருப்பார். போதும் என்று சொல்ல ஆள் இல்லை.

"போதுமா தாயி?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? ஒரு வாய் ஊத்திக் குடிச்சுப் பாருங்க. இல்லாட்டி நான் குடிச்சுச் சொல்றேன்."

நான் கோயில் உண்டியலை உடைக்கச் சொன்ன மாதிரி அவர் என்னைப் பார்த்தார். "படைக்காததையா?"

"அவுகதான் இல்லையே அண்ணே."

"இல்லாதப்பத்தான் தாயி ஒழுங்கா இருக்கணும்."

பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டு, "ஈரம் தங்கிட்டாப் பூசணம் பூத்துரும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம்.

அப்போது அந்த வீடு மணந்த மணத்தை நான் எப்படி எழுதுவேன்? முதலில் நனைந்த சாக்கு வாடை வரும். பிறகு வைக்கோல். பிறகு வறுத்த அரிசி. பிறகு வெல்லப்பாகு பதம் வருகிற மாதிரி. கடைசியில் எங்கிருந்தோ பலாப்பழம். கூரை, திரைச்சீலை, என் சேலைத் தலைப்பு, எல்லாம் மணக்கும். அதை முகர்வதற்காகவே நான் அந்த நாளில் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மாட்டேன். டீச்சரம்மா இருந்த நாளில் இவ்வளவு மணந்தது இல்லை. அண்ணனுக்குக் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று நினைத்தேன். வீடு முழுக்க மணந்தால் அந்த மணம் இலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

கொஞ்ச வருஷத்தில் மணம் குறைந்தது. பிறகு அவ்வளவாக வரவில்லை. அண்ணன் அதையும் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"இப்ப இலை அடக்கமாயிருச்சு தாயி. வாசத்தை எல்லாம் உள்ள வச்சுக்கிருச்சு. அவுக வந்து தண்ணி ஊத்துனாத்தான் திறக்கும்."

டீச்சரம்மா வந்தார். எத்தனை வருஷம் கழித்து என்று சரியாகத் தெரியவில்லை. நான் புதுப்பெண்ணாகப் போனவள், அப்போது எனக்குப் பெரிய பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். சீசன் நேரம். பங்களாவை விற்பதற்காகத்தான் வந்தார். கூட ஒரு மருமகள் முறைப் பெண். டீச்சரம்மா பாதியாகிப் போயிருந்தார். கைத்தடி பிடித்து, காரில் இருந்து இறங்கி, அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீர் இன்னும் இங்கே இருக்கிறீரா?"

"பெட்டி இருக்குல்லங்கம்மா" என்றார் அண்ணன்.

டீச்சரம்மாவுக்கு எந்தப் பெட்டி என்று முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, ஊற்றில் இருந்து தண்ணீர் கொண்டுவந்தார். பித்தளை டம்ளரை விளக்கினார். என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "இன்னைக்குக் கேட்டுரப் போறேன் தாயி. வெக்கப்படாமக் கேட்டுரப் போறேன். அவுகளுக்கு வயசாயிருச்சு. இனி எப்பக் குடுப்பாக?"

வராந்தாவில் வெயில் இருந்தது. டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் வாயில் துணியோடு, அந்தச் சின்ன ஜாடியில் இலையைப் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, கோப்பையில் வடித்தார். டீச்சரம்மா எடுத்துக் குடித்தார்.

குடித்துவிட்டு ஏரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலிக் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோவார் என்று காத்திருந்தேன். கொண்டுபோகவில்லை. கோப்பையை அண்ணனிடம் நீட்டினார்.

"இன்னும் ஊற்றும்."

ஊற்றினார். குடித்தார். "இன்னும்." மறுபடி. அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாயைக் கட்டியிருந்தாலும் கண்ணில் தெரிந்தது. தண்ணீர் நிறம் வெளிறிப்போகிற வரைக்கும் டீச்சரம்மா விடாமல் குடித்தார். கடைசியில் அண்ணன் துணியை அவிழ்த்தார். முதுகுப்பக்கம் வேட்டியில் செருகி மறைத்து வைத்திருந்த டம்ளரை முன்னால் கொண்டுவந்தார். டம்ளர் மட்டும் நீண்டது.

டீச்சரம்மா அதைப் பார்த்தார். இவர் இத்தனை வருஷமும் ஒரு வாய்க்குக் காத்திருந்தது அந்த நிமிஷத்தில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று ஜாடிமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"இல்லை. இது முழுவதும் எனக்கு. ஒரு துளியும் தர மாட்டேன்." பிறகு பெட்டியைக் காட்டி, "அதையும் நான் கொண்டுபோவேன்" என்றார். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "போதும்" என்றார்.

அண்ணன் டம்ளரை மறுபடி பின்னால் கொண்டுபோய்விட்டார். அடுப்படிக்கு வந்தவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். எங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு, "ஒரு சொட்டு விடலையே மாப்ளே! அழுதுட்டாக மாப்ளே, அழுதுட்டாக! போதும்னு சொன்னாக, கேட்டியா?" என்றார்.

நான் பாத்திரம் கழுவப் போனேன். ஜாடியைக் கவிழ்த்தேன். இலை ஒன்றுகூட விரியவில்லை. முறுக்கினது முறுக்கினபடியே கிடந்தது. விரலால் நசுக்கினேன், கறுப்பாகத் தூளானது. பாசி நிறமும் இல்லை, சிவப்பு ஓரமும் இல்லை. அடியில் ஒரு மடக்கு தங்கியிருந்தது. உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தேன்.

கரியைக் கழுவின தண்ணீர்.

அதை எங்க வீட்டுக்காரரிடம் மட்டும் அன்றைக்குச் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கொத்த வேண்டாத இடத்தை எல்லாம் கொத்திக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா போகும்போது காரில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பங்களா கைமாறியது. அண்ணன் பழனிக்குப் போய், அப்பா இருந்த மடத்திலேயே காய் நறுக்கிக்கொண்டு இருந்தார். நாங்கள் பெருமாள்மலைக்கு வேலைக்கு வந்துவிட்டோம்.

ஒரு தைப்பூசத்துக்கு நாங்கள் இறங்கினபோது, அவர் மடத்துப் பின்கட்டில் பாயில் படுத்திருந்தார். காவடிச் சத்தம் தெருவில் கேட்டது. எலும்பும் தோலுமாக இருந்தார். ஆகாரம் இறங்கவில்லை என்றார்கள். எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மச்சான், பூசத்துக்கு எங்களுக்குப் பொங்கிப் போடாமப் படுத்துக் கெடக்கீக?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தாயி, அன்னைக்கு ஜாடியை நீதான கழுவுன?"

"ஆமாண்ணே."

"ஏதாச்சும் மிச்சம் இருந்துச்சா?"

"ஒரு மடக்கு இருந்துச்சுண்ணே."

"வாயில வச்சியா?"

எங்க வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "வச்சேன்" என்றேன்.

"அவுக குடிச்ச பிறகுதான? அப்ப தப்பில்லை." கண்ணை மூடிக்கொண்டார். "எப்படி இருந்துச்சு?"

ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாதவள் நான். அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"முதல்ல நாக்கு நுனியில கொஞ்சம் கசந்துச்சுண்ணே. உடனே போயிருச்சு. அப்புறம் வறுத்த அரிசி. அப்புறம் வெல்லப்பாகு பதம் வர்றப்ப இருக்குமே, அது. முழுங்குன பிறகு கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அதுக்குப் பிறகு தொண்டைக்குள்ள இருந்து பலாப்பழ வாசம் மேல ஏறி வந்துச்சுண்ணே. சாயங்காலம் வரைக்கும் வாயிலயே இருந்துச்சு."

நான் சொல்லச் சொல்ல அவர் உதடு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஒவ்வொரு மடக்காக உள்ளே போகிற மாதிரி இருந்தது.

"உப்புக் கூடன்னு சொன்ன நாக்கு" என்றார். "போதும் தாயி."

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் சொன்னதை இன்றைக்குக் கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேயிலையை நான் குடித்தது அந்த ஒரே மடக்குதான். நல்ல நிலையில் இருந்தபோது குடித்ததில்லை. மூக்குக்கு வந்ததை நாக்குக்கு வந்ததாகச் சொன்னேன். இப்போது என் பேத்தி, அந்த மாதிரி வாட்டிய இலை பெரிய ஊர்களில் விற்கிறது, வாங்கித் தரட்டுமா என்கிறாள். எனக்குத் தைரியம் இல்லை. வயதும் ஆகிவிட்டது, எல்லாமே வாய்க்கு ஒன்று போலத்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் அந்தத் தேயிலையைக் குடித்தவர்கள் யாராவது இருந்தால் நான் எழுதினதைச் சரிபார்க்க வேண்டும். பேர், முறை, நெருப்புக் காட்டுவது எல்லாவற்றிலும் தப்பு இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். முக்கியமாக அந்த ருசி. முதலில் கசப்பு, பிறகு அரிசி, பிறகு பாகு, முழுங்கின பிறகு தொண்டையில் இருந்து பலாப்பழம். அப்படித்தான் இருக்கும் என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அப்படி இல்லை என்றால் எழுத வேண்டாம்.